பந்தல்குடி ஷீலா டிரம் பூட்டிய பரணி

வாழி, ஜெப ஷீலா! பந்தல்குடி பெற்றெடுத்த பதின்விரல் வீராங்கனையே, திருச்சுழி தாலுகா அலுவலகத்தின் தட்டச்சு அறையை இரு கைகளால் ஆண்டவளே, நடுவில் மூன்று கார்பன் தாள் வைத்தாலும் நான்காம் நகல்வரை எழுத்துப் பதியுமாறு அடிக்கவல்ல திண்விரலாளே, வாழி! நீ பூண்ட சபதமும், மாமதுரை புகுந்து நீ தேர்ந்தெடுத்த கருவியும், பேருந்திலே நீ பட்ட பெரும்பாடும், இரும்புக் குழாய்களோடு நீ பொருத கொடும்போரும் இவ்வுலகம் அறியாது கிடக்கின்றன. அவற்றை ஒன்றுவிடாமல் உரைக்கப் புகுந்தோம்.

முதற்கண் காப்பு. எங்கோ பிறந்து, கரிசல் காட்டுக் கம்பங்களின்மீது காதம் பல நடந்து, பந்தல்குடி வந்து சேருமுன் மேனி இளைத்து, இருநூற்று முப்பது வோல்ட்டாய் வரவேண்டிய நீ நூற்று எழுபதாய் வந்து நின்று மூச்சு வாங்கும் மின்னணங்கே! குழல்விளக்கைக் கண்சிமிட்ட வைப்பவளே, மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிப் பார்க்கும்படி சுற்ற வைப்பவளே! இந்தக் கதை முடியும்வரையேனும் எம்மோடு இரு.

இனி வரலாறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. ஷீலாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளுடைய கை சும்மா இருந்ததை எவரும் கண்டதில்லை. அடங்கல் நகல் ஒன்றை அவள் தட்டச்சு செய்தால், வரிசையில் நிற்கும் விவசாயிகளின் கால்கள் தாமாக ஆடும். வாரிசுச் சான்றிதழ் அடித்தால், செத்தவரை நினைத்து அதுவரை அழாத மகனும் அழுவான். ஞாயிறு தோறும் அவ்விரு கைகளும் பந்தல்குடிச் சிற்றாலயத்தின் பாடகர் குழுவுக்குச் சொந்தம். அங்கே பதினோர் ஆண்டுகள் அவள் தோல் டிரம் ஒன்றை வாசித்து வந்தாள். தூத்துக்குடிச் சாலையில் விரையும் லாரிகள் ஆலயத்தை ஒட்டி எக்காளமிட்டுச் செல்லும்போதெல்லாம், அந்த எக்காளத்தையும் தாளத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு பாட்டைக் கரைசேர்த்தவள் அவள்.

அந்த டிரம்மின் தோலை, அவ்வாண்டு ஆவணியில், எலிகள் தின்றன. மிச்சம் வைக்காமல் தின்றன.

அப்போதுதான் புகுந்தான் ஆலன்! அருப்புக்கோட்டையில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த இருபத்து மூன்று வயதுக் காளை. ஈயம் உருக்கி ஒட்டுவதில் இணையற்றவன். மஸ்கட்டில் வேலைபார்த்த மாமன் கொண்டுவந்த கீபோர்டைத் துணியால் போர்த்திக் கைக்குழந்தைபோல் ஏந்தி வந்தவன். அந்தக் கீபோர்டின் இடப்புறத்தில், செந்நிறச் சிறு கண்ணொன்று எரிய, வீற்றிருந்தது ஒரு பட்டன். அதை அமுக்கினால் டிரம் சத்தம் தானே வரும். அடிப்பவர் வேண்டாம், அவருக்கு அரிசி அளக்க வேண்டாம், வணக்கம் சொல்லவும் வேண்டாம்.

ஒத்திகைக்கு எல்லோரும் கூடியிருந்த மாலையில், ஆலன் அதை அமுக்கிக் காட்டினான். டும்-டக்கு, டும்-டக்கு என்று அது தானாகப் புலம்பத் தொடங்கியது. அவன் முகத்தில் கள்ளமில்லை. நல்லது செய்வதாகவே நினைத்துச் சொன்னான்:

"ஷீலாக்கா, இனி ஒங்களுக்குக் கை வலியே கெடையாது. பட்டன அமுக்குனா அதுவே அடிக்கும். நீங்க சும்மா நின்னு பாடுங்க."

சும்மா! பதினோர் ஆண்டு உழைத்த பத்து விரல்களை நோக்கி ஏவப்பட்ட அந்தச் சொல், அம்பாய்ப் பாய்ந்தது. கார்பன் தாள் மூன்றையும் துளைத்து நெஞ்சின் நான்காம் நகலில் போய்ப் பதிந்தது. பாட்டில் அவளுக்குக் குரல் கிடையாது என்பதும், அவள் பாடினால் பக்கத்தில் நிற்பவர் சுருதி விட்டு நகர்ந்து நிற்பார் என்பதும் ஊரறிந்த செய்தி. டிரம் போனால் அவளுக்கு அந்தக் குழுவில் நிற்க ஓர் அடி இடமும் இல்லை. ஷீலா எழுந்தாள். அவள் கண்கள் சிவந்தன. எலி தின்ற டிரம்மின் வெற்று வளையத்தின்மேல் கை வைத்துச் சபதம் செய்தாள்:

"நான் டிரம்மு வாங்கியாரேன். கரண்டுல ஓடுற டிரம்மு. எலி திங்க முடியாத டிரம்மு. அதுவரைக்கும் இந்தப் பட்டன ஒருத்தரும் பாராட்டக்கூடாது!"

சபையில் சலசலப்பு எழுந்தது. அதை அடக்க எழுந்தார் சபைச் செயலர் யாக்கோபு. நூற்பாலையில் முப்பது ஆண்டு மேஸ்திரியாக இருந்து, நூல் சுற்றும் ஆயிரம் கதிர்களின் இரைச்சலுக்கு மேலாகப் பேசிப் பழகி, ஓய்வு பெற்ற பின்னும் அந்தக் குரலைக் குறைக்க வழிதெரியாதவர் அவர். அவர் இரகசியம் சொன்னால் லாரி ஓட்டுநர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் முழங்கினார்:

"எல்லாரும் கேளுங்க! அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அன்னைக்குக் காணிக்கப் பவனிக்கு ஷீலா டிரம்மு வந்து நின்னுச்சுன்னா, அதுக்கு ஒரு வாய்ப்பு. வரலன்னா பட்டன்தான். பெறகு இதப் பத்திப் பேச்சு எடுக்கப்படாது!"

அறுவடையின் முதற்பலனைச் சுமந்து ஊரார் வரிசையாய்ப் பீடம்வரை நடக்கும் அந்தப் பவனியே, ஆண்டில் ஒருமுறை டிரம்முக்கு வாய்க்கும் பெருங்களம். அதை இழந்தவர் அனைத்தையும் இழந்தவரே.

மறு சனிக்கிழமை ஷீலா, சம்பளத்தில் சேர்த்ததைக் கைப்பையில் முடிந்து, மதுரைக்குப் படையெடுத்தாள். அவளுக்குத் துணையாக வந்தாள் தங்கலட்சுமி. தாலுகா அலுவலகத்தில் ஷீலாவுக்கு அடுத்த மேசைக்காரி, எம்.ரெட்டியபட்டியில் பருத்தியும் கம்பும் விளைவிக்கும் குடும்பத்தின் மூத்த மகள்; இசையில் அவளுக்கு இம்மியும் தெரியாது. ஆனால் சிறுவயது முதல் தகப்பனோடு மாட்டுச் சந்தைகளில் திரிந்தவள். ஏமாறாமல் வாங்குவது ஒரே வித்தை. வாங்குவது மாடாயிருந்தால் என்ன, டிரம்மாயிருந்தால் என்ன என்பது அவள் கொள்கை.

மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில், உரசாமல் இருவர் நடக்க இயலாத ஒரு கடை. அங்கே எதிரும் புதிருமாக நின்றன இரண்டு எலெக்ட்ரானிக் டிரம் செட்டுகள். ஒன்று, குங்குமச் சிவப்பில் அறுகோணத் தட்டுகள் ஐந்தும் விரித்து, விளக்கொளியில் தகதகத்து, மணவறையில் மாப்பிள்ளைபோல் நிமிர்ந்து நின்றது. மற்றது, சாம்பல் நிறத்தில் வட்ட ரப்பர்த் தட்டுகள் ஐந்தோடு, கலைந்துபோன ஏதோ ஓர் இன்னிசைக் குழுவின் பழைய சொத்தாய், கல்யாண வீட்டில் இலை எடுக்க வந்தவன்போல் மூலையில் பதுங்கி நின்றது.

எழுபதை எட்டிய கடைக்காரர் சிவப்பின் பெருமையை எடுத்தோதத் தொடங்கினார். அவரைக் கையமர்த்திவிட்டுத் தங்கலட்சுமி சிவப்பை மும்முறை வலம் வந்தாள். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கிப் பிடித்து ஆட்டினாள். பின்புறம் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"எத்தனை கை மாறுனதுங்கய்யா? சுழி ஏதும் இருக்கா?"

கடைக்காரர் திகைத்தார். "தாயி, இது டிரம்மு."

"அது தெரியுதுய்யா. சண்டித்தனம் பண்ணுமான்னு கேட்டேன்."

அவ்வேளையில் ஷீலா முன்னே வந்தாள். கடைக்காரர் நீட்டிய குச்சிகளை அவள் வாங்கவில்லை. கண்களை மூடினாள். சிவப்புத் தட்டின்மேல் பத்து விரல்களையும் வைத்தாள். பத்தாண்டுகளாக நாளுக்கு நாற்பது முறை அடித்து அடித்து எலும்பில் ஊறிப்போன ஒரு சொற்றொடரை அதன்மேல் தட்டச்சு செய்தாள். 'மேற்படி மனுதாரர் மேற்படி நிலத்தை' என்பதே அச்சொற்றொடர். ஆள்காட்டி விரல் அடித்தவை யாவும் ஒலித்தன. மோதிர விரல் அடித்தவற்றில் பாதி ஒலித்தன. இடது சுண்டுவிரலின் அடி ஒன்றுகூட ஒலிக்கவில்லை. பேரழகனாகிய சிவப்பனின் வாயிலிருந்து 'மேற்... மனு... மேற்... நில' என்று அரைகுறையாகவே வந்தது. மேற்படி மனுதாரருக்கு நிலம் கிடைக்கவில்லை.

"குச்சியால அடிக்கணும் தாயி. விரலால அடிச்சா எப்படிக் கேக்கும்?"

"குச்சியால ஓங்கி அடிச்சா தகரம்கூடக் கேக்கும்ங்கய்யா," என்றாள் ஷீலா. "மெல்லத் தொட்டாலும் கேக்குதான்னுதான் பாக்கணும்."

அவள் மூலைக்குப் போனாள். சாம்பல் தட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மீண்டும் கண்மூடித் தட்டினாள். மேற்படி மனுதாரர் முழுதாக வந்தார். ஓரெழுத்துக் குறையாமல், ஒற்றுப் புள்ளியோடு வந்தார். சுண்டுவிரல் தொட்ட இடங்களில் அரிசியில் கல் விழுந்தாற்போல் மெல்லிய 'டிக்' என்றொரு ஓசை எழுந்தது. ஷீலாவின் முகத்தில் உதித்த புன்னகையைக் கண்டு தங்கலட்சுமி அவள் காலை மிதித்தாள். வாங்குகிற பொருளைப் பார்த்துச் சிரித்தால் விலை ஏறும் என்பது சந்தை இலக்கணம்.

பின்னர்த் தங்கலட்சுமி, டிரம்மின்மேல் கிடந்த தூசித் துணியை எடுத்து உதறி, அதனடியில் தன் வலக்கையை நுழைத்து, "நீங்களும் கைய விடுங்கய்யா" என்றாள். மாட்டுச் சந்தையின் விரல்மொழி அறியாத அந்தப் பெரியவர், ஏதோ வேண்டுதல் என்றெண்ணி உள்ளே கை விட்டார். அவள் அவருடைய இரண்டு விரல்களைப் பற்றி ஓர் அழுத்து அழுத்தினாள். அவர் "ஆ" என்றார். "முடிஞ்சது" என்றாள் அவள். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது விளங்காமலேயே அவர் ஒப்புக்கொண்டிருந்தார். மிச்சப் பேரம் அதிலிருந்து இறங்குமுகமாகவே நடந்தது.

வென்றவர்களுக்கு வெற்றியைவிட அதைச் சுமந்து வீடு சேர்வதே கடினம். அட்டைப்பெட்டி மூன்று, சணலால் கட்டிய இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று. தூத்துக்குடிப் பேருந்தின் பின்படி வழியாக அவற்றோடு இருவரும் உள்ளே புகுந்தபோது, குழாய்க் கட்டு ஒருவர் தலைப்பாகையைத் தள்ளி, மற்றொருவர் தோளைத் தட்டி, இறுதியில் ஐந்து பேர் மடிகளின்மேல் பாலம்போல் படுத்துக்கொண்டது. அந்த ஐவரில் நடுநாயகமாக அமர்ந்திருந்த விவசாயி ஒருவர், குழாயை அன்போடு தடவிப் பார்த்துவிட்டு வினவினார்:

"போர் போடுறீகளாம்மா? எத்தனை அடில தண்ணி கண்டுச்சு?"

"இல்லைங்கய்யா. இது டிரம்மு."

"டிரம்மா? நல்லது. எங்கூர்லயும் வாரம் ஒரு நாத்தான் தண்ணி விடுறாங்க. பிளாஸ்டிக் டிரம்மா, தகர டிரம்மா?"

"எலெக்ட்ரானிக் டிரம்முங்கய்யா."

அவர் சற்று யோசித்தார். பின்னிருக்கைக்குத் திரும்பி அச்செய்தியைப் பரப்பினார். காரியாபட்டி தாண்டுவதற்குள், கரண்டில் தானே தண்ணீர் நிரம்பும் டிரம் ஒன்று மதுரையில் விற்பனைக்கு வந்துவிட்டதாகப் பேருந்து முழுதும் பேச்சாயிற்று. "அது எத்தன கொடம் புடிக்கும்?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. நடத்துநர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கடையின் பெயரைக் குறித்துக்கொண்டார். வறண்ட நாட்டின் நீர்வேட்கையை எதிர்த்து இசையின் பெயரால் எவ்வளவு நேரம் வாதாட முடியும்? அருப்புக்கோட்டை வந்தபோது ஷீலா தோற்றாள். "நாப்பது கொடம் புடிக்கும்" என்றாள். பேருந்து பெருமூச்சு விட்டது.

ஆனால் உண்மையான போர் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆலயத்தினுள் மூண்டது. பெட்டிகள் பிரிக்கப்பட்டன. நெடுங்குழாய் ஏழு, குறுங்குழாய் நான்கு, கவ்விகள் பதினொன்று, திருகாணிகள் எண்ணிலடங்கா. வழிகாட்டும் நூல் ஒன்றும் இருந்தது. எம்மொழி என்றே தெரியாத மொழியில் இருந்தது. அதில் ஒரு படத்தில் அம்புக்குறி மேலே போனது; அடுத்த படத்தில் அதே அம்பு கீழே வந்தது; மூன்றாம் படத்தில் ஒரு மனிதன் வியர்வை இன்றிச் சிரித்துக்கொண்டு நின்றான்.

முதல் முறை பூட்டி முடித்தபோது அது துணி காயப்போடும் கொடிபோல் நின்றது. பிரித்தார்கள். இரண்டாம் முறை பூட்டியபோது நான்கு கால்களும் வானை நோக்கின. தங்கலட்சுமி இடுப்பில் கைவைத்து அதை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏ ஷீலா, இது எங்க வீட்டு ஆன்டெனா மாதிரில்ல நிக்குது. மாடில வச்சா வெள்ளிக்கெழம ஒளியும் ஒலியும் தெரியுமா?"

"வாய மூடிக்கிட்டு அந்தக் காலப் பிடிடி."

காலைப் பிடித்தாள். திருகினார்கள். விரல்நகம் ஒன்று போயிற்று. கவ்வியின் வாயில் ஷீலாவின் புடவைத் தலைப்பு அகப்பட்டு, அதை மீட்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் முறை, பிற்பகல் இரண்டரை மணிக்கு, குழாய்கள் தத்தம் பிறவிப்பயனை உணர்ந்து நின்றன. ஆயினும் கடைசித் தட்டைத் தாங்கவேண்டிய ஒரு திருகாணி எங்கும் இல்லை. பெட்டியில் இல்லை, பாயின் அடியில் இல்லை, தங்கலட்சுமியின் கொண்டையிலும் இல்லை. ஷீலா வெயிலில் ஓடினாள். சாலையோரப் பஞ்சர் கடையில், சைக்கிள் மட்கார்டின் நட்டு ஒன்றைப் பெற்று வந்தாள். அந்நிய தேசத்து இரும்பும் பந்தல்குடி நட்டும், மண ஓலை எழுதி வைத்தாற்போல் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன.

அதன்பின் ஒயர்கள். ஐந்து தட்டிலிருந்தும் மிதிகட்டையிலிருந்தும் ஆறு ஒயர்கள் வந்து, பொத்தான்கள் நிறைந்த ஒரு பெட்டியில் நுழைய வேண்டும். எது எங்கே? ஷீலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சோதித்தாள். பெரிய டிரம்முக்கான மிதிகட்டையை மிதித்தால் மணிச்சத்தம் வந்தது. தாளத்தகட்டைத் தொட்டால் இடி இடித்தது. மாற்றினாள், மீண்டும் மாற்றினாள். நான்கு மணிக்கு எல்லா ஒலியும் தத்தம் வீடு சேர்ந்தன. மெய்ம்மறந்து அவள் வாசிக்கத் தொடங்கினாள்.

சரியாக அந்த நேரத்தில் யாக்கோபு உள்ளே வந்தார். ஹெட்போன் ஷீலாவின் காதில் இருந்ததால் வெளியே ஒரு முழக்கமும் இல்லை. ரப்பரில் குச்சி படும் 'டொக், டொக்' மட்டுமே கேட்டது. கண்மூடி, தலையாட்டி, வியர்த்து விறுவிறுத்துச் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை அவர் நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா," என்று பரிதாபத்தோடு கர்ஜித்தார். "இதுக்கா மதுரைக்குப் போன?"

ஷீலா கண் திறந்தாள். ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினாள். பெரிய டிரம்மை ஒருமுறை மிதித்தாள். யாக்கோபுவின் புருவங்கள் உச்சிக்கு ஏறின. அவள் ஒரு பாட்டின் அளவுக்கு வாசித்து நிறுத்தியதும், காதில் ஹெட்போன் இருப்பதை மறந்து, தம் வாழ்நாளின் உச்சக்குரலில் அவர் முழங்கினார்: "நல்லாருக்கேம்மா!" வெளியே சாலையில் ஒரு லாரி பிரேக் அடித்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆனால் விதி வேறு வியூகம் வகுத்திருந்தது. ஹெட்போனில் கேட்பது சபைக்குக் கேட்க வேண்டுமென்றால் டிரம்மின் ஒயர் ஆலயத்தின் ஆம்ப்ளிஃபையரில் செருகப்பட வேண்டும். மர அலமாரியில் வாழ்ந்து, கார் பேட்டரியில் ஓடும் அந்தப் பழம்பெட்டிக்கு மூன்றே துளைகள். ஒன்று பிரசங்கியாரின் மைக்குக்கு. ஒன்று பாடகர் மைக்குக்கு. மூன்றாவதில் ஏற்கெனவே செருகி, ஒட்டுநாடாவும் சுற்றி, நிரந்தரக் குடியிருந்தது ஆலனின் கீபோர்டு ஒயர்.

ஒரு துளை! ஒரு நகருக்கு இரு வேந்தர் போட்டியிட்டாற்போல், அரையங்குல அகலமும் இல்லாத அந்த இருட்டுப் பள்ளத்துக்கு இருவர் உரிமை கோரினர். மாலை ஒத்திகைக்கு வந்த ஆலன், தன் ஒயரின் தலைமேல் கைவைத்து நின்றான்.

"அக்கா, நாந்தான் மொதல்ல மாட்டுனேன்."

"பதினோரு வருசமா நாந்தான் மொதல்ல அடிச்சேன், தம்பி."

"ஒங்களுக்கு இந்த ஓட்டையே வேணாமேக்கா. டிரம்முக்கு ஹெட்போன் இருக்குல்ல?"

"ஏலே, சபை முழுக்க ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒக்காரணுமா?"

'தம்பி' 'ஏலே'யாக இறங்கிவிட்டதைக் கண்ட யாக்கோபு, இருவருக்கும் நடுவே பாய்ந்து தீர்ப்புரைத்தார்: பவனியின் முதல் பாட்டு ஆலனுக்கு, இரண்டாம் பாட்டு ஷீலாவுக்கு, பாட்டு மாறும்போது ஒயர் மாற்றப்படும், எதற்குச் சபை நன்றாக நடக்கிறதோ அதற்கே துளை. அன்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வீடு சேர்ந்தனர். ஷீலா உறங்கவில்லை, தலையணையில் அடித்துப் பழகினாள்.

பொழுது விடிந்தது. அறுப்பின் பண்டிகை! தோரணமாய்க் கட்டிய கம்பங்கதிர்கள் அசைய, பூசணியும் சோளமும் மிளகாய் வற்றலும் பருத்திப் பொதியும் முட்டைக் கூடையும் ஏந்திய சபையார் வாசலிலிருந்து வரிசை கட்டினர். வரிசைத் தலைவராக யாக்கோபு, ஆட்டுக்குட்டி அளவான ஒரு பூசணியைச் சுமந்து நின்றார். வரிசையின் கடைசியில் செல்லக்கிளி. வலது முழங்காலில் தேய்மானம் கண்ட அறுபது வயதுக்காரி; கக்கத்தில் ஒரு சேவலை இடுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று தங்கலட்சுமி தன் வீட்டு டிவியின் ஸ்டெபிலைசரைக் கழற்றிக் கொண்டுவந்து டிரம் பெட்டிக்குப் பூட்டியிருந்தாள். தன் கடையில் பன்னிரண்டு ஸ்டெபிலைசர்கள் கிடந்தும் ஆலன் தனக்கென ஒன்றைக் கொண்டுவந்திருக்கவில்லை.

முதல் பாட்டு தொடங்கியது. ஆலன் பட்டனை அமுக்கினான். டும்-டக்கு, டும்-டக்கு! பதற்றத்தில் அவன் விரல் வேகத்தைக் கூட்டும் விசையிலும் பட்டுவிட்டது. பட்டன் ஓடியது. அதற்கு முழங்கால் என்றால் என்னவென்று தெரியாது. பூசணியின் எடை தெரியாது. யாக்கோபு ஓட்டமும் நடையுமாகப் பீடத்தை அடைந்தபோது வரிசையின் நடுப்பகுதி முட்டைக் கூடைகளோடு மோதிக்கொண்டிருந்தது. செல்லக்கிளி இன்னும் வாசற்படியிலேயே ஒரு காலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மறுபடி சுற்றிவரும்படி யாக்கோபு கையசைத்தார், மூச்சு வாங்கியது, சுற்றினார்.

அந்தத் தருணத்தில் பக்கத்துத் தெரு மாவு மில் ஓடத் தொடங்கிற்று. மின்னணங்கு தள்ளாடினாள். குழல்விளக்குகள் மங்கின. கீபோர்டின் செங்கண் அணைந்து, மறுபடி எரிந்தது. எரிந்ததும், தான் யார், எங்கிருக்கிறோம் என்பதையெல்லாம் மறந்து, கம்பெனியில் பிறந்தபோது அதன் வயிற்றில் அடைத்து அனுப்பிய மாதிரி இசையை, அந்நிய நாட்டு நடன விடுதிக்குரிய ஒரு குதியாட்டத்தை, உச்ச வேகத்தில் வாசிக்கத் தொடங்கியது! ஆலன் ஒரு பட்டனை அமுக்கினான், குழல்கள் சேர்ந்தன. இன்னொன்றை அமுக்கினான், கைதட்டல் ஒலி எழுந்தது. செல்லக்கிளியின் சேவல் அலறி, கக்கத்தை உதறி, முட்டைக் கூடைகளைத் தாண்டி, பிரசங்க மேடையின் உச்சியில் போய் அமர்ந்து கூவியது. பவனி உடைந்தது. மிளகாய் வற்றல் சிதறி, முன்வரிசை தும்மியது.

ஆலன் நிமிர்ந்தான். டிரம்முக்குப் பின்னால் குச்சிகளோடு உறைந்து அமர்ந்திருந்த ஷீலாவைப் பார்த்தான். பிறகு, ஒட்டுநாடாவை ஒரே இழுப்பில் கிழித்து, தன் ஒயரைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, அவளுடைய ஒயரை எடுத்து அந்த ஒற்றைத் துளையில் செருகினான்.

"அக்கா, அடிங்கக்கா!"

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பின. எந்த வேகத்தில் அடிப்பது? பீடத்தருகே பூசணியோடு நிற்பவரின் வேகத்திலா, சிதறி நிற்பவர்களின் வேகத்திலா? ஷீலா இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். சேவல் போன வெறுங்கையோடு, எல்லோரும் தன்னால்தான் நிற்கிறார்களோ என்று கூசியபடி அடியெடுத்து வைத்த செல்லக்கிளியின் கால்களைப் பார்த்தாள். இடது கால் பட்டென்று விழுந்தது. வலது கால் சற்றுத் தயங்கி, இழுத்து, மெல்ல விழுந்தது. ஷீலா இடது காலுக்குப் பெரிய டிரம்மை மிதித்தாள். வலது காலின் தயக்கத்துக்குச் சுண்டுவிரல் கனத்தில் மெல்லிய மூன்று அடிகள் வைத்தாள். டும்... திக்கு திக்கு தக். டும்... திக்கு திக்கு தக்.

செல்லக்கிளி அடுத்த அடியை எடுத்து வைத்தாள். தன் நடைக்குத் தாளம் விழுவது கேட்டு நிமிர்ந்தாள். இன்னோர் அடி. பாடகர்கள் பாட்டைப் பிடித்தார்கள். கலைந்த வரிசை கூடிற்று. அந்தத் தாளத்தில் நேராக நடக்க ஒருவராலும் இயலவில்லை. ஆகவே முட்டைக்காரி நொண்டினாள், பருத்திக்காரர் நொண்டினார், மிளகாய்க்காரர் தும்மிக்கொண்டே நொண்டினார், யாக்கோபு பூசணியை அணைத்தபடி வலது காலை இழுத்து இழுத்துக் கம்பீரமாக நொண்டினார். நூற்றிருபது பேர் ஒரே முழங்கால் கொண்டவர்போல், ஒருவர் தோளில் ஒருவர் இடிக்காமல், பீடம்வரை நொண்டிச் சென்ற அந்தப் பவனிக்கு நிகரான பவனியைத் தூத்துக்குடிச் சாலை அதற்கு முன் கண்டதில்லை. எல்லோருக்கும் முன்னால், கடைசியில் நின்ற செல்லக்கிளி வழிவிடப்பட்டு வந்துகொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. யாக்கோபு பூசணியை இறக்கிவைத்து, நெஞ்சை நிமிர்த்தி, திசையெட்டும் அதிரப் பிரகடனம் செய்தார்:

"இன்னைலேந்து இந்தக் கோயில்ல டிரம்முதான்! ஷீலாதான்! யாரும் மறுத்துப் பேசப்படாது! ஏலே, மொதல்ல அந்தச் சேவலப் பிடிங்கடா!"

ஆலன் ஒயரைச் சுற்றிக்கொண்டே டிரம்மருகே வந்தான். தலையைச் சொறிந்தான்.

"அக்கா, சாயந்தரம் அந்தப் பெட்டிய எங்கடைக்குத் தூக்கிட்டுப் போறேன். ஈயம் வச்சு இன்னொரு ஓட்டை போட்டுத் தாரேன். ஒரு மணி நேர வேலைதான்."

ஷீலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே, இத நேத்தே செஞ்சிருக்கலாம்ல?"

"நேத்து நம்ம சண்டைல இருந்தோம்லக்கா."

இவ்வாறாக, மாமதுரையின் சந்தில் சிவப்பனை ஒதுக்கிச் சாம்பலனைக் கைப்பிடித்து, நீர்வேட்கை கொண்ட பேருந்தைக் கடந்து, அந்நிய அம்புக்குறிகளை வென்று, ஒற்றைத் துளையை ஆண்டு, நூற்றிருபது பேரை ஒரே காலில் நடத்திய பதின்விரல் வீராங்கனை, வெற்றிக்குறியாய்க் குச்சிகள் இரண்டையும் கொண்டையில் செருகி, தும்மலும் துதிப்பாட்டும் விண்ணளாவி ஒலிக்க, சபையார் விலகி வழிவிட, ஆலயத்தின் வாசலைக் கடந்து, பந்தற்காலடியில் விருந்து அண்டாக்கள் ஆவி பறக்கும் பெருவெளியை நோக்கி நடந்தாள்.

ஷீலா கை கழுவிவிட்டு வந்து, பந்தியில் தங்கலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, ரசம் கேட்டாள்.